இலவசப் பிரதி

என் மேஜையின் மேல் இப்போது பதினொரு புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கவில்லை. எல்லாம் மதிப்புரைக்காக வந்தவை. நான்கு தமிழ்ச் சமூக நாவல்கள். மூன்று மர்ம நாவல்கள். மலையாளத்திலிருந்தும் கன்னடத்திலிருந்தும் வந்த மொழிபெயர்ப்புகள் இரண்டு. நம் நாட்டவர் ஆங்கிலத்தில் எழுதியவை இரண்டு. பாதிக்கு மேற்பட்டவற்றின் முதல் பக்கத்தில் ஆசிரியரே 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு கூச்சம். அன்பாகக் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு அதன் குறையை ஊரறியச் சொல்வதா? விருந்து உண்ட வீட்டு வாசலிலேயே நின்று, சாம்பாரில் உப்புப் போதவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வது போலல்லவா அது?

நான் நாவல் எழுதுகிறவன். பிறர் நாவலுக்கு மதிப்புரை எழுதுவது தானாக வந்து சேர்ந்த வேலை, தேடிப் போனதல்ல. நாவலாசிரியனே விமர்சகனாகவும் இருக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தமிழில் அதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். 'பொய்த்தேவு' எழுதிய க.நா.சுப்ரமண்யம் 1986-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது ஒரு விமர்சன நூலுக்காக. 'வாடிவாசல்' எழுதிய சி.சு.செல்லப்பா 1959-ல் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கியதே விமர்சனத்துக்குத் தமிழில் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். அவர்கள் துணிச்சல்காரர்கள். நண்பர்களை இழக்கத் தயாராக இருந்தவர்கள். நான் அந்த வகையைச் சேர்ந்தவனல்ல. எவ்வளவு தூரம் சேராதவன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் ஒரு மர்ம நாவல் எழுதினார். முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையிலிருந்தே துப்பறியும் கதைகளில் பைத்தியம். சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968-ல் குமுதத்தில் தொடராக வந்தபோது வீட்டுக்குத் தெரியாமல் வாரா வாரம் வாங்கிப் படித்ததை இன்றைக்கும் கண்கள் மின்னச் சொல்வார். அவர் மனைவி அப்போது நோயாகக் கிடந்தார். அந்த அம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்துதான் அவர் நாவல் முழுவதையும் எழுதி முடித்தார். புத்தகம் அச்சாகி வந்தவுடன் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "நீ நாலு வார்த்தை எழுதினால் போதும்" என்றார். கையிலிருந்த காபி ஆறிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நாலு வார்த்தை என்ன, நாற்பது வரி எழுதினேன். 'எடுத்தால் கீழே வைக்க முடியாது' என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது. உண்மையில் அதை நான் மூன்று தடவை கீழே வைத்தேன். மூன்றாவது தடவை வைத்தது ஜன்னலோரத்தில் தண்ணீர்க் கூஜாவுக்கு அடியில். இரண்டு வாரம் அங்கேயே கிடந்தது. எப்படியோ படித்து முடித்தேன். கதை, மலையூர் பங்களா ஒன்றில் வைர வியாபாரி ஒருவர் இறந்து கிடப்பதில் தொடங்குகிறது. இருபத்தைந்து அத்தியாயங்கள். சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆறு பேர். அவர்களில் யார் என்று நாம் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்க, கொலைகாரன் இருபத்து மூன்றாவது அத்தியாயத்தில்தான் முதல் முதலாக ரயிலைவிட்டு இறங்குகிறான். தோட்டக்காரனின் தம்பியாம்! (முடிவை வெளியிடுகிறேனே என்று பதற வேண்டாம். புத்தகம் இப்போது கடைகளில் இல்லை. நண்பரும் சொல்லிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்.)

அந்த மதிப்புரையை எழுதும்போது என் மனச்சாட்சி முனகாமல் இல்லை. அதைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு பெரிய துணை கிடைத்தது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெற்றுவிடும் என்கிறாரே வள்ளுவர்! நோயாளி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய மனிதருக்கு ஒரு சந்தோஷம். அதைவிட நன்மை வேறென்ன இருக்கிறது? யாருக்கு என்ன நஷ்டம்? இப்படிக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நஷ்டம் யாருக்கு என்பது அடுத்த ஜனவரியில் தெரிந்தது. சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தயங்கித் தயங்கி வந்து வணக்கம் சொன்னார். சென்னைக்கு அடுத்த சிற்றூரில் தையற்கடை வைத்திருக்கிறாராம். மாதம் ஒரு புத்தகம் வாங்குவாராம். அதற்கு மேல் முடியாதாம். என்ன வாங்கலாம் என்று பத்திரிகையில் நாங்கள் எழுதுவதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். நண்பருடைய புத்தகத்தின் பெயரைச் சொன்னார்.

"முந்நூற்று இருபது ரூபாய் சார். ரெண்டு ரவிக்கை தைச்ச கூலி. அது போகட்டும். நான் ஒண்ணு கேட்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் புஸ்தகத்தை நீங்க படிச்சீங்களா சார்?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். எனக்கோ நாக்கு எழவில்லை. படிக்கவில்லை என்றால் நான் சோம்பேறி. படித்தேன் என்றால் பொய்யன். இரண்டில் சோம்பேறிப் பட்டம் தேவலை என்று பட்டது. "கொஞ்சம் அவசரமாகப் படித்தேன்" என்று மழுப்பினேன். ஆக, முதல் பொய்யை மறைக்க இரண்டாவது பொய். அவர், "அதான் பார்த்தேன். நீங்க நிதானமாப் படிச்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு திரும்பும்போது வள்ளுவர் மறுபடி நினைவுக்கு வந்தார். இந்தத் தடவை அவர் எனக்குத் துணையாக வரவில்லை. 'நன்மை' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, 'குற்றமற்ற' என்ற சொல்லை வசதியாக விட்டுவிட்டேனே! என் நண்பருக்கு நான் கொடுத்த சந்தோஷம் என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததல்ல. முகம் தெரியாத ஒரு தையற்காரரின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. என் காசில் தானம் செய்தால் தருமம். அடுத்தவர் காசில் செய்தால் அதற்கு வேறு பெயர்.

மதிப்புரைக்காரனின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. புத்தகத்தைக் கொடுத்தவர் கண்ணெதிரே நிற்கிறார். அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடியும். வாங்கப் போகிறவர் எங்கோ இருக்கிறார். அவர் முகம் வாடினால் நமக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிறவரிடம் இரக்கம் காட்டுவது சுலபம். தெரியாதவருக்கு நியாயம் செய்வதுதான் கடினம். ஆனால், நம் எழுத்தை நம்பிப் பணத்தையும், வேலை முடிந்த பிறகு மிஞ்சுகிற இரண்டு மணி நேரத்தையும் கொடுப்பவர் அவர்தானே?

"மர்ம நாவலுக்குப் போய் இத்தனை தர்ம விசாரமா? பொழுதுபோக்குத்தானே?" என்று சிலர் கேட்கலாம். படித்தவர்கள் நடுவில் இந்த அலட்சியம் நெடுங்காலமாக இருக்கிறது. ராஜேஷ்குமாரின் நாவல்களை ரயிலில் படித்துவிட்டு, வீட்டு அலமாரியில் வேறு புத்தகங்களை அடுக்கி வைக்கிறவர்கள் நாம். 2008-ல் சென்னைப் பதிப்பகமான பிளாஃப்ட் நம் மாத நாவல் ஆசிரியர்களின் கதைகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுதியாகக் கொண்டுவந்த பிறகுதான், 'அட, இதுவும் கவனிக்க வேண்டியதுதானோ' என்று சிலருக்குத் தோன்றியது.

என் எண்ணம் நேர்மாறானது. மற்ற நாவல்களைவிட மர்ம நாவலில்தான் ஆசிரியருக்கும் வாசகருக்கும் உள்ள ஒப்பந்தம் தெளிவாக இருக்கிறது. 'ஒரு புதிர் போடுகிறேன். விடைக்கு வேண்டிய எல்லாத் தடயங்களையும் உன் கண்முன்னே வைக்கிறேன். முடிந்தால் கண்டுபிடி' என்பதே ஒப்பந்தம். 1930-ல் லண்டனில் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். செஸ்டர்டன் முதல் தலைவர். அகதா கிறிஸ்டி உறுப்பினர். முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து ஒளிப்பதில்லை என்று அங்கே சேருகிறவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். பாதி விளையாட்டுத்தான், ஆனால் மீதிப் பாதி நேர்மை. நம் நாட்டிலும் 1932-ல் சரதிந்து பந்தோபாத்யாய வங்காளியில் படைத்த பியோம்கேஷ் பக்ஷி, தன்னைத் துப்பறிபவன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சத்தியான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுகிறவன் என்றே சொல்லிக்கொள்கிறான். உண்மையைத் தேடும் கதைக்குப் பொய்யான மதிப்புரை எழுதுவதைப் போல் வேடிக்கை வேறுண்டோ?

மர்ம நாவலின் மதிப்புரைக்காரனுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் முடிவைச் சொல்லக் கூடாது. முடிவு மோசம் என்றால் எப்படி மோசம் என்று விளக்காமல் எப்படி நிரூபிப்பது? இதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் ஒரு வழி செய்து வைத்திருக்கிறார். நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூலில் பெயரிட்டு அடுக்கியிருக்கிறாரே, அதில் ஒன்று 'சென்று தேய்ந்து இறுதல்'. ஜோராகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போவது. குற்றத்தின் பெயரைச் சொன்னால் போதும். குற்றவாளியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நம் காலத்து மர்ம நாவல்களில் பாதிக்கு இந்த ஒரு சொற்றொடரே மதிப்புரையாகிவிடும்.

சரி, தையற்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். அதன் பிறகு நான் நேர்மையாளன் ஆகிவிட்டேன் என்று கதையை முடித்துவிடலாம். ஆனால் நடந்தது அதுவல்ல. வளைந்த கொம்பை நிமிர்த்தப் போனவன் மறுபக்கம் வளைத்துவிட்டேன்.

சில மாதங்களுக்குப் பின் ஓர் இளம்பெண்ணின் முதல் நாவல் வந்தது. அதுவும் ஒரு கொலையைச் சுற்றிய கதைதான். முப்பதாவது பக்கம் படிக்கும்போதே எனக்கு ஒரு கேலி வாக்கியம் தோன்றிவிட்டது: 'இந்த நாவலில் இரண்டு கொலைகள் நடக்கின்றன, இரண்டாவதாகச் சாகிறவர் வாசகர்.' அந்த வாக்கியத்தை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அப்படியே எழுதினேன். பலர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்தார்கள். 'பழைய ஆளாக இருந்தாலும் பயப்படாமல் எழுதுகிறார்' என்று ஒருவர் பாராட்டினார். பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கேலியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'எந்த இடத்திலிருந்து கதை தவறிப் போகிறது என்று சொன்னால் திருத்திக்கொள்வேன், ஐயா' என்று மட்டும் கேட்டிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றுமில்லை. முப்பதாவது பக்கத்துக்குப் பிறகு நான் நாவலையா படித்தேன்? என் கேலிக்குச் சாட்சி தேடிக்கொண்டல்லவா போயிருக்கிறேன்! மறுபடி முதலிலிருந்து படித்தேன். குறைகள் இருக்கத்தான் இருந்தன. கூடவே, அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் இறந்தவனின் தாய் காத்திருக்கும் ஒரு காட்சி இருந்தது. அவள் யாரிடமும் அழவில்லை. மகனுக்காகக் கொண்டுவந்த சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் இத்தனை வருஷத்தில் எழுதியதில்லை. பவணந்தியார் குற்றம் பத்து என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. அழகும் பத்து என்று சரிக்குச் சரியாக எண்ணி வைத்திருக்கிறார். எனக்கு முதல் பட்டியல் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

தேடுகிறதை மட்டும் தேடிக்கொண்டு படிப்பதன் கொடுமையைத் தமிழ்நாடு ஒரு முறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுக் கைக்குக் கை பரவின. முழு நாவலின் துயரத்தையும் பரிவையும் அறியாதவர்கள் அந்தச் சில பக்கங்களைக் கொண்டே தீர்ப்பளித்தார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஆசிரியரே தம்மைப் பற்றி அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நியாயத்தைக் கண்டு, எழுதுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. என் கேலி அவ்வளவு பெரிய பாவமல்ல என்று சொல்லிக்கொள்ளலாம். அளவு வேறுதான், வித்து ஒன்றுதான். முழுதும் படிக்காமல், அல்லது படிப்பது போல் படித்து, முன்பே செய்த முடிவுக்குச் சான்று பொறுக்குவது.

அந்தப் பெண்ணுக்கு ஆறு பக்கம் எழுதினேன். பத்திரிகையிலும் அந்த ஆஸ்பத்திரிக் காட்சியைப் பற்றி எழுதி, நான் அவசரப்பட்டதை ஒப்புக்கொண்டேன். அதற்கு யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை. அவர் நன்றி தெரிவித்து இரண்டு வரி எழுதினார். இதுவரை அவருடைய இரண்டாவது நாவல் என் மேஜைக்கு வரவில்லை. வருகிற ஒவ்வொரு புத்தகக் கட்டையும் பிரிக்கும்போது அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

இப்போது நான் ஒவ்வொரு புத்தகத்திடமும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: 'நீ எனக்கு என்ன தருவதாகச் சொல்லி வந்திருக்கிறாய்?' தீபா அனப்பாரா 2020-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஜின் பட்ரோல் ஆன் தி பர்ப்பிள் லைன்' என்ற நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகரத்துக் குடிசைப் பகுதியில் குழந்தைகள் காணாமற் போகிறார்கள். டெலிவிஷனில் போலீஸ் தொடர்கள் பார்த்துப் பழகிய ஜெய் என்ற ஒன்பது வயதுப் பையன், பரி, ஃபைஸ் என்ற இரு தோழர்களைச் சேர்த்துக்கொண்டு துப்பறியக் கிளம்புகிறான். 2021-ல் அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர்கள் சங்கம் சிறந்த நாவலுக்கான எட்கர் பரிசை இதற்குக் கொடுத்தது. இதை வெறும் மர்ம நாவலாக எடுத்துக்கொண்டு 'விறுவிறுப்புப் போதாது' என்று எழுதினால் அநியாயம். துப்பறியும் விளையாட்டு ஏழைக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் விளையாட்டாகவே இருக்க முடியும் என்று காட்டத்தான் ஆசிரியர் அந்த உருவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். போலீஸ்காரர் தேட மறுக்கிற இடத்தில்தானே குழந்தை தேடப் புறப்படுகிறது? முடிவை நான் சொல்லப் போவதில்லை. தொடர்களில் வருவது போல் எல்லாப் புதிர்களும் வாழ்க்கையில் அவிழ்வதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கடன்காரர்களில் நான் நெடுநாள் மறந்திருந்தவர் இன்னொருவர் உண்டு: மொழிபெயர்ப்பாளர். கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் 2022-லும், பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் 2025-லும் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. 50,000 பவுனில் சரிபாதி மொழிபெயர்த்தவருக்கு. நாமோ மதிப்புரையின் கடைசியில் 'மொழிபெயர்ப்பு நன்று' என்ற இரண்டே சொற்களில் அவர் கணக்கைத் தீர்த்துவிடுகிறோம்.

நண்பர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டேனே. சென்ற ஆண்டு தமது இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். அதற்குள் அவர் மனைவி காலமாகிவிட்டார். இரண்டு நாளில் படித்தேன். இதிலும் கொலைகாரன் கடைசி ஸ்டேஷனில்தான் வண்டி ஏறியிருந்தான். இந்த முறை உள்ளதைச் சொன்னேன். முதல் நாவலைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பவே சொல்லியிருந்தால் இதையாவது ஒழுங்காக எழுதியிருப்பேனே. இரண்டு வருஷமாச்சே, அப்பா" என்றார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். இப்போதும் வருகிறார்; ஆனால் முன்போல் அடிக்கடி இல்லை. நான் செய்தது உபகாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே, அந்த உபகாரத்துக்கு என் நண்பர் கொடுத்த விலை இரண்டு வருஷம். அந்த வயதில் இரண்டு வருஷம் கொஞ்சமல்ல.

பதினொரு புத்தகங்களும் மேஜைமேல் காத்திருக்கின்றன. அனுப்பியவர்கள் எனக்கு அவற்றை இலவசமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதப்போகும் வரிகளுக்குத்தான் யாரோ ஒருவர் எங்கோ விலை கொடுக்க வேண்டியிருக்கும். மேலே இருக்கும் மர்ம நாவலை எடுத்துப் பிரிக்கிறேன். 'அன்புடன்' என்று எழுதியிருக்கிற பக்கத்தைப் புரட்டிவிட்டு, பென்சிலைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஜனவரியில் அந்தத் தையற்காரர் வந்து அதே கேள்வியைக் கேட்டால், இந்தத் தடவையாவது அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.